வட்டிக்கடையிலிருந்து பார்த்த மெடான்

வடக்கு சுமத்ராவின் தலைநகரான மெடானைப் பார்க்கவென்றே போகிறவர்கள் குறைவு. தோபா ஏரிக்குப் போகிற வழியில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். வெயில், நெரிசல், காதைக் கிழிக்கும் மோட்டார் பெச்சா எனும் மூன்று சக்கர வண்டிகள் என்று புலம்பவும் செய்வார்கள். தமிழ் வாசகருக்கு மட்டும் இங்கே இறங்கித் தெருத்தெருவாக நடக்க ஒரு காரணம் உண்டு: இந்த ஊரில் தொடங்கும், ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவல்.

ஊரை வளர்த்தது புகையிலை. 1863இல் நியன்ஹைஸ் என்ற டச்சுக்காரர், மெடான் வட்டாரமான டெலியின் சுல்தானுடைய நிலத்தில் பயிர் வைத்தார். சுருட்டுக்கு மேலே சுற்றுகிற மெல்லிய இலைக்கு டெலி மண் தோதாக அமைந்தது. பிறகு தோட்டங்கள் பெருகின. கூலிக்குச் சீனர்களும் ஜாவாக்காரர்களும் வந்தார்கள். தமிழர்கள் மாட்டுவண்டி ஓட்டினார்கள், ரோடு போட்டார்கள். பணம் புழங்கிய இடத்துக்கு வட்டிக்கடைக்காரர்கள் வந்ததில் ஆச்சரியமில்லை. அப்படி ஒரு கடைக்குத்தான், 1920இல் சிங்கம்புணரியில் பிறந்த சிங்காரம், 1938இல் வேலைக்கு வந்து சேர்ந்தார்.

பழைய மெடானைப் பார்க்க கெசாவன் தெருவுக்குப் போக வேண்டும். அரசாங்கப் பெயர் வேறு. ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் கெசாவன்தான். சீனத் தனவந்தர் சோங் ஆ ஃபியின் மாளிகை இங்கே இருக்கிறது. கொஞ்சம் தள்ளி டிப் டாப் உணவகம். 1934 முதல் இதே தெருவில் நடக்கிறது. பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து கேக்குக்குச் சொன்னால், விறகு அடுப்பில் வெந்தது வரும். அன்றைக்கு இந்த வராந்தாவில் துரைமார்கள் உட்கார்ந்திருப்பார்கள். வட்டிக்கடையின் பெட்டியடிப் பையன் தெருவோடு போயிருப்பான்.

அந்த வராந்தாப் பக்கத்து மெடானையும் எழுதியவர் உண்டு. தோட்டத்துரையின் மனைவியாக டெலியில் வாழ்ந்த மேடலன் லுலோஃப்ஸ் 1931இல் ‘ரப்பர்’ நாவலை வெளியிட்டு ஐரோப்பாவில் பெயர் வாங்கினார். சிங்காரத்தின் மெடான் கணக்குப் புத்தகம், சிறு வியாபாரிகள், குடி, வம்புப் பேச்சு என்று கீழிருந்து எழும்புகிறது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் நுழைவதோடு தொடங்கும் நாவலில், கொள்ளையடித்தவர்களின் வெட்டிய தலைகளை மேசைமேல் வைத்திருப்பதை ஊரே பார்க்கிறது. அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுப் போனவருக்குச் சந்தைக் கூட்டத்தில் நிற்கும்போது கொஞ்சம் கூசத்தான் செய்யும்.

சிங்காரம் 1946இல் ஊர் திரும்பினார். மதுரையில் ‘தினத்தந்தி’ வேலை, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனி அறை. 1962 வாக்கில் எழுதி முடித்த நாவல் 1972இல்தான் அச்சேறியது. மெடானில் இருந்துகொண்டே எழுதியிருந்தால் இந்த நாவல் கிடைத்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. நாவலின் நாயகன் பாண்டியன் அங்கே உட்கார்ந்து சின்னமங்கலத்தையும் மதுரைத் தெருக்களையும் நினைத்து ஏங்குகிறான். அவனைப் படைத்தவரோ மதுரை அறையில் உட்கார்ந்து மெடானை நினைத்துக்கொண்டிருக்கிறார். எந்த ஊரில் இருந்தாலும் மற்ற ஊர் இழுக்கிறது. சாதாரணப் பயண நினைவுகளில் இந்த இழுபறி இருக்காது. போனேன், பார்த்தேன், வந்தேன் என்று முடிந்துவிடும்.

தமிழர் பேட்டைக்கு இப்போது கம்போங் மெட்ராஸ் என்று பெயர். முன்பு கம்போங் கிளிங். 1884இல் எழுப்பிய மாரியம்மன் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. சுற்றுவட்டாரத்தில் இந்தோனேசிய மொழிதான் அதிகம் கேட்கும். வாசலில் தமிழில் பேச்சுக் கொடுத்தால் வயதானவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இளவட்டங்கள் சிரித்துக்கொண்டே இந்தோனேசிய மொழியில் பதில் சொல்வார்கள்.

துறைமுகமான பெலாவான் வடக்கே இருக்கிறது. தொங்கான் எனப்படும் பாய்மரக் கப்பலில் பினாங்குக்குப் போகும்போதுதான் பாண்டியன் புயலில் சிக்குகிறான். அந்த அத்தியாயத்தை மனதில் வைத்துக்கொண்டு பெலாவானுக்குப் போனால் ஏமாற்றம்தான்: கன்டெய்னர்களும் பாமாயில் லாரிகளும் வழியை அடைத்து நிற்கும். பினாங்குக்கு இன்று விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. மெடானுக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் பெலாவானை விட்டுவிட்டு, அந்த நேரத்தையும் கெசாவனுக்கே கொடுக்கலாம்.