ஞானஸ்நானத் தொட்டியருகே ஒரு பேராசிரியர்

விட்டன்பர்க் நகரின் பங்குக் கோயிலில் 1547இல் நிறுவப்பட்ட பலிபீட ஓவியத்தின் இடப்புறப் பலகையில், பிலிப் மெலாங்தன் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதாக லூக்காஸ் கிரானாக்கின் ஓவியக்கூடத்தார் தீட்டியுள்ளனர். 1518இல் கிரேக்க மொழிப் பேராசிரியராக அந்நகருக்கு வந்து, லுத்தரன் இறையியலின் முதல் முறைப்படியான நூலை 1521இல் எழுதிய மெலாங்தன், குருப்பட்டம் பெற்றவர் அல்லர். அதற்கும் மேலாக, முறையான அழைப்பு இல்லாத எவரும் சபையில் வெளிப்படையாகப் போதிக்கவோ, சாக்கிரமெந்துகளை, அதாவது ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற திருச்சடங்குகளை நடத்தவோ கூடாது என்று விதிக்கும் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 14ஆம் பிரிவை 1530இல் வரைந்தவரும் அவரே. தாம் வரைந்த விதியைத் தாமே மீறுபவராக அவரை ஏன் தீட்டினார்கள் என்பதே இங்கு ஆராயப்படுவது.

அவர் கூச்ச சுபாவம் உடையவர், ஆகவே பிரசங்க மேடையை விட்டு விலகி நின்றார் என்று வழிவழியாகச் சொல்லப்படும் விடை எளிதில் நம்பத்தக்கதன்று. ஜெர்மன் பிரசங்கம் விளங்காத ஹங்கேரிய மாணவர்களுக்காக ஞாயிறுதோறும் தம் வீட்டில் சுவிசேஷப் பகுதியை லத்தீனில் விளக்கத் தொடங்கியவர், கூட்டம் பெருகியதும் அதை விரிவுரை மண்டபத்திற்கே மாற்றினார். பேசக் கூசியவர் செய்யும் செயல் அன்று இது.

அவசர ஞானஸ்நானம் என்னும் இரண்டாவது விடை பார்வைக்குச் சற்று வலுவானது. சாகும் தறுவாயிலுள்ள குழந்தைக்குக் குருப்பட்டம் இல்லாதவரும், மருத்துவச்சியும்கூட ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது மேற்றிசைத் திருச்சபையின் பழைய வழக்கம். தமிழகச் சபைகளில் ஐயர் வந்து சேராத ஊர்களில் உபதேசியார்மார் இதைச் செய்ததுண்டு. ஆனால் ஓவியத்தை நெருங்கிப் பார்த்தால் அவசரத்தின் சாயலே அதில் இல்லை. அகன்ற கல் தொட்டிக்கு மேலே குழந்தையை ஒரு கையில் ஏந்தி மறு கையால் பேராசிரியர் நீர் வார்க்க, பக்கத்தில் ஒருவர் விரித்த புத்தகத்தோடும் இன்னொருவர் துடைக்கும் துணியோடும் நிற்க, முன்புறத்தில் நகரத்துப் பெண்கள் விழாக்கால உடையில் கூடியிருக்கின்றனர். நாள் குறித்து, ஞானப்பெற்றோரை அழைத்து, புத்தகத்தைத் திறந்து வைத்து நடக்கும் சடங்கை அவசரம் என்று எவ்வாறு சொல்ல இயலும்? இவ்வழியும் இங்கே அடைபடுகிறது.

ஆய்வைத் திசைதிருப்புவது 1521 செப்டம்பரில் வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்த லுத்தர், இளவரசரின் செயலர் ஸ்பாலாத்தினுக்கு எழுதிய கடிதம். பண்டிகை நாட்களில் மக்கள் குடியிலும் சூதிலும் இறங்கும் பிற்பகல் வேளையில் மெலாங்தன் அவர்களுக்குப் பிரசங்கிக்க வேண்டும் என்றும், அவர் அபிஷேகமோ தலைமழிப்போ பெறாமல் மனைவியோடு வாழ்பவர் என்பது தடையாகாது என்றும், வேதத்தைப் போதிப்பதே குருவின் பணியாகையால் அவர் ஏற்கெனவே குருவே என்றும் அதில் லுத்தர் வாதிடுகிறார். நகர மன்றத்தாரிடம் இதைப் பேசி முடிக்க அவர் நம்பியவர்களுள் ஒருவர் அதே லூக்காஸ் கிரானாக். அத்திட்டம் நிறைவேறவில்லை. மேடையேற்றும்படி தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவரை 26 ஆண்டுகளுக்குப் பின் தொட்டியருகேயாவது நிறுத்தினார் கிரானாக் என்று ஊகிக்கத் தோன்றுகிறது. ஊகத்திற்கு மேல் இதற்கு மதிப்பில்லை.

ஊகமல்லாத ஒன்று 1527இல் கிடைக்கிறது. சாக்சனி இளவரசர், தம் நாட்டுப் பங்குகளின் நிலையை நேரில் கண்டறிய ‘விசிட்டேசன்’ எனப்படும் சபை ஆய்வுக்கு அனுப்பிய முதற்குழுவில் பிரபுக்கள் இருவர், சட்டப் பேராசிரியர் ஒருவர், மெலாங்தன் ஆகிய நால்வர் இருந்தனர். ஒருவரேனும் குரு அல்லர். குருக்களுக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று குரு அல்லாதவர்கள் ஊர் ஊராகச் சென்று கேட்டறிந்த இக்காட்சி, மெலாங்தனை மேடைக்கு வெளியே நின்றவராக மட்டும் காட்டும் வரலாறுகளில் உரிய இடம் பெறவில்லை என்பது வியப்பே. அப்பயணத்தின் விளைவாக 1528இல் வெளிவந்த, மெலாங்தனே வரைந்த வழிகாட்டி நூல், ஞானஸ்நானத்தைப் பற்றி மக்களுக்கு என்ன போதிக்க வேண்டும் என்பதைப் பங்குக் குருக்களுக்குச் சொல்கிறது. பின்னர் 1552இல், குருப்பட்டத்திற்கு வருவோரைச் சோதிப்பதற்கான வினாவிடை நூலையும் அவரே எழுதினார்.

விட்டன்பர்க்கில் ஞானஸ்நானம் கொடுக்கும் உரிமை பங்குக் குருவான யோகான்னஸ் புகன்ஹாகனுக்கே இருந்தது. ஓவியத்தில் அவருக்குக் கிடைத்திருப்பது வலப்புறப் பலகை. அங்கே அவர் பாவ அறிக்கை கேட்டு, மன்னிப்பின் அடையாளமான திறவுகோல்களோடு இருக்கிறார். தொட்டியருகே மெலாங்தன் ஏந்தும் குழந்தையை அவ்வூர்க் குழந்தை ஒன்றாகக் கொள்வதைவிட, 1528ஆம் ஆண்டு நூலின் போதனையை ஏற்ற சாக்சனிப் பங்குகளில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகள் அனைவருக்குமான உருவமாகக் கொண்டால் 14ஆம் பிரிவோடு ஓவியத்திற்குள்ள முரண் பெரிதும் தணிகிறது, முற்றிலும் நீங்காவிட்டாலும்.