கை கொடுத்தலும் கை விடுதலும்

நோயுற்றவருக்கு உதவுதல் என்பது அவர் செய்ய வேண்டியவற்றையெல்லாம் நாமே செய்து முடிப்பது என்றுதான் நாங்களும் எண்ணியிருந்தோம். அது தவறென்று உணர்த்தியவர் ஓர் இயன்முறை மருத்துவர்.

தில்லி இராமகிருஷ்ணபுரத்தில், அரசுக் குடியிருப்பின் முதல் மாடியில் வாழ்கிறோம். 2019 டிசம்பரில் எங்கள் அன்னையாரைப் பக்கவாதம் தாக்கிற்று. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. மருத்துவமனையில் உயிரைக் காத்துக் கொடுத்தனர். வீடு திரும்பியபின் ஊட்டுவதும், உடுத்துவதும், தூக்கி அமர்த்துவதும் எங்கள் பணியாயின. அன்னையாரோ நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட், கட்வால் மலைப்பகுதியைச் சேர்ந்த இளம்பெண். அன்னையாரின் வலக்கையைப் பற்றி இழுத்து நாங்கள் எழுப்பியதைக் கண்டு பதறித் தடுத்தார். தசை தளர்ந்த தோளில் மூட்டு எளிதில் நழுவிவிடும் என்றார். மூளையில் ஒரு பகுதி பழுதுற்றால், இடைவிடாப் பயிற்சியினால் எஞ்சிய பகுதிகள் அதன் வேலையை ஓரளவு கற்றுக்கொள்ளும்; முதல் சில மாதங்களே அதற்கு மிக உகந்தவை என்றும் விளக்கினார். “அம்மாவால் இயன்றதை நீங்கள் செய்தால், அவர் கற்கும் வாய்ப்பைப் பறிக்கிறீர்கள்” என்று அவர் இந்தியில் கூறியது எங்களைச் சுட்டது.

அன்னையாருக்கு இந்தி வராது. ஆகவே அப்பெண் ஒன்று முதல் பத்து வரை தமிழில் எண்ணக் கற்றார். அவ்வெண்ணிக்கைக்கு இசைந்து கால் மடங்கிற்று, நீண்டது. ஊன்றுகோல் நல்ல கையில். படி ஏறுகையில் நல்ல கால் முன்னே, இறங்குகையில் தளர்ந்த கால் முன்னே என்பது எங்கள் இல்லத்துச் சூத்திரமாயிற்று.

அன்னையார் வேலூரில் பிறந்தவர். 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே மருத்துவம் புரிந்து, 1966இல் அவ்வூரில் மறுவாழ்வு நிலையம் அமையக் காரணமாயிருந்த டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றி அடிக்கடி பேசுவார். சோர்ந்த நாள்களில் அப்பெயரையே நாங்கள் நினைவூட்டினோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அப்பெண்ணால் வர இயலவில்லை. ஆயினும் நாள்தோறும் தொலைபேசியில் ‘ஒன்று, இரண்டு’ என்று அவர் குரல் ஒலித்தது. பயிற்சி நிற்கவில்லை.

ஊரடங்கு தளர்ந்தபின் ஒருநாள், அன்னையார் கைப்பிடிச் சுவரைப் பற்றித் தாமே படியிறங்கினார். விழுந்தால் தாங்குவதற்காக ஒரு படி கீழே நின்றோம். தொட்டுவிடத் துடித்த கைகளை அடக்கிக்கொண்டிருப்பதே எங்களுக்குக் கடினமாயிருந்தது.

வலக்கை இன்றும் முழுதும் மீளவில்லை. ஆனால் காலைக் காப்பியை இடக்கையால் தாமே ஆற்றிக் குடிக்கிறார். நாங்கள் ஆற்றித் தருவதில்லை.