வெயிலுக்கு எதிரே நிற்கும் படகு

பறவையைப் படமெடுக்கப் பழகுகிறவர்களுக்கு முதல் பாடமே வெயிலை முதுகுப் பக்கம் வைத்துக்கொள் என்பதுதான். இன்ன பறவை என்று அடையாளம் சொல்ல அதுவே வசதி. பழவேற்காட்டு ஏரியில் நான் கூடப் போன புகைப்படக்காரர் அதற்கு நேர்மாறு. பூநாரைக் கூட்டத்துக்கு மேற்கே படகை நிறுத்தச் சொல்லி, கிழக்கே கடற்பக்கம் எழுகிற சூரியனுக்கு எதிரே உட்கார்ந்துகொள்கிறார். லென்ஸ் வழியாகச் சூரியனை நேரே பார்த்தால் கண் போய்விடும். அதனால் அது சட்டகத்துக்குச் சற்று வெளியே நிற்கும்படி பார்த்துக்கொள்கிறார்.

தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் பொதுவான இந்த உப்பங்கழி, இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்துப் பெரியது. பல இடங்களில் ஆழம் மிகக் குறைவு. படகுக்காரர் மோட்டாரைத் தூரத்திலேயே அணைத்துவிட்டுக் கழியை ஊன்றித் தள்ளினார். நேர்வழியில் போகவில்லை. யார், எந்த நாளில், எங்கே வலை கட்டலாம் என்று மீனவர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்ளும் ‘பாடு’ வழக்கம் இந்த ஏரியில் உண்டு. அன்றைக்குப் பாடு உள்ளவர்களின் வலையை ஒட்டிப் படகு விடுவது முறையல்ல என்றார். சுற்றிப் போனதில் வெளிச்சம் ஏறிக்கொண்டே வந்தது. புகைப்படக்காரர் அவசரப்படுத்தவில்லை.

“வாடை அடிக்குது சார். எழும்புனா வடக்கப் பாத்துதான் எழும்பும். இங்கயே நிப்போம்.”

இந்தத் தொழிலின் பாதி படகுக்காரரின் அந்தச் சொல்லில் இருக்கிறது. பூநாரை காற்றை எதிர்த்து, தண்ணீர் மேல் கொஞ்ச தூரம் ஓடித்தான் மேலே கிளம்பும். காற்று வடக்கிலிருந்தும் வெயில் கிழக்கிலிருந்தும் வந்தால், மேற்கே இருக்கும் கேமராவுக்கு அது பக்கவாட்டில் கிடைக்கும். எதிர்வெளிச்சத்தில் பக்கவாட்டுத் தோற்றம்தான் எல்லாம். வளைந்த அலகு, நீட்டிய கழுத்து, பின்னால் நீளும் கால் என்று ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். அதே பறவை நம் பக்கம் திரும்பிவிட்டால், மிஞ்சுவது உருவமில்லாத இருட்டு. எந்தக் கேமராவும் திருத்த முடியாத இந்தக் கோணத்தைப் பிடித்துத் தந்தவர் கழி பிடித்த மனிதர்.

கேமராவின் தானியங்கிக் கணக்கு இங்கே உதவாது. தண்ணீரின் பளபளப்பைக் கண்டால் அது வெளிச்சத்தைக் குறைக்கும். பின்னணியில் இருண்ட புதர் வந்தால் கூட்டிவிடும், பறவையின் ஒளிர்விளிம்பு வெளிறிப்போகும். அதனால் அவர் எல்லாவற்றையும் கையால் வைக்கிறார். நொடியில் 2000-ல் ஒரு பங்கு வேகம். விளிம்பின் பிரகாசம் கெடாத அளவுக்கு மட்டுமே வெளிச்சம். மற்றது இருண்டால் இருளட்டும். வெண்மைச் சமநிலையும் பகல் வெயிலுக்கென்று நிலையாக வைத்தது. தானியங்கியில் விட்டால் காலைப் பொன்னிறத்தைக் குறை என்று நினைத்துக் கழுவிவிடும்.

நாலைந்து பூநாரைகள் தாமாகவே எழும்பின. மேலே தூக்கிய இறக்கைகளின் ஊடே வெயில் பாய்ந்தது. இறக்கையின் முன்பாதி சிவந்து எரிய, ஓரத்து நீண்ட சிறகுகள் கன்னங்கறுப்பாகவே நின்றன. சிவப்பு, தின்னும் பாசியிலிருந்தும் சிற்றுயிர்களிலிருந்தும் சேரும் கரோட்டினாய்டு நிறமி; அந்த மெல்லிய இறகுகள் ஒளியை ஊடே விடுகின்றன. கறுப்பில் மெலனின் செறிந்திருப்பதால் வெயில் அதைத் தாண்டுவதில்லை. வெயிலுக்கு முதுகு காட்டி எடுத்த படங்களில் இந்த இறக்கையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உள்ளிருந்து ஒளிர்வதைக் கண்டதில்லை. சற்றுத் தள்ளி ஒரு கூழைக்கடா வாயை அகலத் திறந்தபோது, அதன் தொண்டைப் பையில் ஓடும் இரத்தக் குழாய்கள் அரசிலையின் நரம்புகளைப்போல் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

கூட்டத்தைக் கிளப்பிவிடச் சொல்லிக் காசு நீட்டுகிறவர்களும் வருகிறார்களாம். படகுக்காரர் மறுத்துவிடுகிறார். மேயவந்த பறவையைப் படத்துக்காக விரட்டுகிறவர்களுக்கு ஏரியில் இடமே தரக் கூடாது என்பது என் கருத்து.

கரையில் ஒரு டீக்கடைத் திண்ணையில் புகைப்படக்காரரின் லேப்டாப் திறந்தது. கேமரா பதிந்த ‘ரா’ கோப்பில் இருட்டுக்குள்ளும் நிறைய விவரம் ஒளிந்திருக்கும். ‘ஷேடோஸ்’ பட்டையை வலப்பக்கம் இழுத்தால் மார்பு இறகெல்லாம் வெளியே வந்துவிடும். இழுத்துக் காட்டினார். கறுப்பு சாம்பலானது, புள்ளி புள்ளியாக இரைச்சல் முளைத்தது, விளிம்பின் ஒளி செத்துப்போனது. பழைய இடத்துக்கே தள்ளிவிட்டார். காட்டுயிர்களைப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்த மா. கிருஷ்ணனை (1912–1996) மதிக்கிறவர் அவர். இருட்டுக்கும் எடை உண்டு என்று நம்புகிறவர். விளிம்பில் லென்ஸ் விட்ட ஊதாக் கசிவையும், வானத்தில் தெரிந்த சென்சார் தூசியையும் நீக்கினார். வேறு வானத்தை ஒட்டுவது அவரிடம் கிடையாது. எந்த நாள், எந்த ஏரி என்று எழுதிவைக்கும் படத்தில் அந்த நாளின் வானம்தான் இருக்க வேண்டும். நானும் அந்தக் கட்சிதான்.

கடைசியாக, பறக்கும் பூநாரைகளில் இடது ஓரத்துப் பறவையின் இறக்கை மட்டும் சிவக்காமல் மங்கியிருந்தது. வெளிச்சம் சரியாக விழவில்லை என்று அந்த இடத்தை மட்டும் தேர்ந்து நிறத்தைக் கொஞ்சம் ஏற்றப்போனார்.

டீ கிளாசோடு பின்னால் நின்ற படகுக்காரர் குனிந்து பார்த்தார். “அது சின்னது சார். நிறம் புடிக்க ரெண்டு மூணு வருசம் ஆவும்.”

“அப்படியாண்ணே?” படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அலகிலும் சாம்பல் இருந்தது. போட்ட தேர்வை நீக்கிவிட்டு, குறிப்பில் ‘இடது ஓரம்: இளம் பறவை’ என்று சேர்த்துச் சேமித்தார்.