பொட்டலத்தில் சிரிக்கும் பெண்

இன்று மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தா கடைத்தெருவில் ஒரு தேயிலைப் பொட்டலம் வாங்கினேன். அட்டையில் ஒரு பெண். நெற்றியில் பொட்டு, முதுகில் கூடை, கலையாத சேலை, முகமெல்லாம் சிரிப்பு.

என் பாட்டி கொழுந்து பறித்தவர். விடியுமுன்னே இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போவார். விரல் நுனியில் ஏறிய கறை எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும் போகாது.

அட்டையைப் பார்த்ததும் பெங்களூரு கலைஞர் புஷ்பமாலா நினைவுக்கு வந்தார். ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை தென்னிந்தியப் பெண்களைப் பற்றி ஒரு படத்தொடர் செய்தார். ஒரு படத்தில், காலண்டர்களில் நாம் கும்பிட்ட ரவிவர்மாவின் லட்சுமியாகப் புஷ்பமாலாவே வந்து நிற்கிறார். இன்னொரு படத்தில், கட்டம் போட்ட திரைக்கு முன்னால் அளவெடுக்கப்படும் பழங்குடிப் பெண்ணும் அவரே. தெய்வமாக்கி விற்ற கண்ணும் அளந்து பார்த்த கண்ணும் ஒன்றுதான் என்று எனக்கு உறைத்தது அந்தப் படங்களைப் பார்த்தபோதுதான்.

இப்போது இந்தத் தேயிலைச் சரிவுகளில் இயந்திரம் பிடித்துக் கொழுந்து வெட்டுபவர்களில் பலர் வங்காளதேசத்து, நேபாளத்து ஆண்கள். அட்டையில் மட்டும் பெண் இன்னும் சிரிக்கிறாள்.

பாட்டி வேலை செய்யும் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இருப்பது ஐசி எனும் அடையாள அட்டையின் படம் ஒன்றுதான். அதில் அவர் சிரிக்கவில்லை.