விக்ரோறியாவிலிருந்து ரொறன்ரோ வரை: மாற்றுவழி இல்லாத சாலை

கனடாவைக் கிழக்கு மேற்காக ஊடறுத்துச் செல்லும் டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலைக்கான சட்டம் 1949இல் நிறைவேறியது. 1962 செப்ரெம்பர் 3ஆம் நாள் பிரதமர் ஜோன் டீஃபன்பேக்கர் ரோஜர்ஸ் கணவாயில் அதனைத் திறந்துவைத்தார். எஞ்சிய வேலைகள் 1971 வரை நீடித்தன. இதன் கிழக்கு முனை நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ற் ஜோன்ஸ், மேற்கு முனை வன்கூவர் தீவின் விக்ரோறியா. 1986 ஓகஸ்ட் 11இல், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டது கிழக்கு முனைக்கு அருகிலுள்ள கடலில். 2010 ஓகஸ்ட் 13இல், 492 தமிழர்களுடன் சன் சீ கப்பல் கொண்டுவரப்பட்டது மேற்கு முனையை ஒட்டிய எஸ்குவைமோல்ற் துறைமுகத்துக்கு. இரு கூட்டத்தாரிலும் பலர் பிற்காலத்தில் வீடு என்று கொண்டது ரொறன்ரோவைத்தான்; ஆனால் டிரான்ஸ் கனடாவின் முதன்மைத் தடம் ரொறன்ரோவைத் தொடுவதே இல்லை.

மேற்கிலிருந்து ரொறன்ரோவுக்குத் திரும்பும் சரக்கு ஓட்டுநருக்கோ குடும்பத்துக்கோ தீவிலிருந்து படகேறிக் கரை சேரும் வரை அச்சம் எதுவும் இல்லை. வன்கூவரிலிருந்து ரொறன்ரோ ஏறத்தாழ 4,400 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு உள்ள தூரத்தைப் பதினொரு மடங்காக்கினால் கிடைப்பது. என்றாலும் இச்சாலையின் கலக்கம் தூரத்தால் வருவதன்று, வழி அடைபட்டால் திரும்பிச் செல்ல வேறு பாதை இல்லாமையால் வருவது. 2021 நவம்பரில், கடலின் ஈரத்தை ஒடுங்கிய பட்டையாக நிலத்தின் மேல் இழுத்துவந்து கொட்டும் 'வளிமண்டல ஆறு' எனப்படும் மழையமைப்பு, வன்கூவரை நாட்டின் ஏனைய பகுதியோடு இணைத்த நெடுஞ்சாலைகள் எல்லாவற்றையும் ஒரே வேளையில் அறுத்தது. அவற்றுள் ஒன்றான கோக்கிஹாலா நெடுஞ்சாலை சரக்கு வண்டிகளுக்கு மட்டும் திறக்கப்பட்டது டிசெம்பர் 20இல்தான். இடைக்காலத்தில் வண்டிகள் அமெரிக்கா வழியே சுற்றிச் சென்றன. கனடியக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு அது கூடுதல் எரிபொருளும் நேரமும் மட்டுமே. நிரந்தர வதிவிடம் பெற்றும் கையில் இலங்கைக் கடவுச்சீட்டே உள்ளவருக்கு அமெரிக்க விசா இன்றி அந்தச் சுற்றுவழி கிடையாது. ஆகவே சாலை அறுந்தால் காத்திருப்பது ஒன்றே அவருக்கு வழி.

ரெவெல்ஸ்ரோக் நகரைக் கடந்ததும் சாலை ஏறும் ரோஜர்ஸ் கணவாய் 1,330 மீற்றர் உயரமுடையது. உயரம் பெரிதன்று, நுவரெலியா இதைவிட உயரத்தில் இருக்கிறது. இங்கே அச்சம் தருவது பனிச்சரிவு, அதாவது மலைச்சரிவில் படிந்த பனி தன் பாரம் தாங்காது பெயர்ந்து ஒரே வீச்சில் கீழிறங்குவது. 1910 மார்ச்சில் இக்கணவாயில் ரயில் பாதையைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்த 58 தொழிலாளர்கள் அவ்வாறு புதையுண்டனர். இன்று சில இடங்களில் சாலைக்கு மேல் கொங்கிரீற் கூரை போட்டு, சரியும் பனி அதன் மேலாகவே பள்ளத்துக்குப் போகும்படி செய்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் கனடிய இராணுவம் 105 மில்லிமீற்றர் பீரங்கிகளைச் சாலையோரத்து வட்ட மேடைகளில் நிறுத்தி, பனி பெருகிவிடும் முன்பே மலைமுகட்டில் குண்டெறிந்து அதைச் சிறிது சிறிதாக விழச் செய்கிறது. அவ்வேளைகளில் சாலை மூடப்பட்டு, இரு பக்கமும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். போரின் ஷெல் சத்தத்துக்கு அஞ்சி ஊரை விட்டவர்கள் வீடு திரும்ப வழி திறக்கும் ஷெல் சத்தத்துக்காக வண்டியில் காத்திருக்க நேர்வதை, இந்நாட்டின் சாலைத் துறை எண்ணியும் பார்த்திராது.

மலைகள் கல்கரிக்கு முன்பே முடிந்துவிடுகின்றன. அங்கிருந்து வினிப்பெக் வரையுள்ள சமவெளியில் சாலை பெரும்பாலும் நேர்கோடு, போக்கும் வரத்தும் தனித்தனித் தடங்கள். பலருக்குத் தூக்கம்தான் இங்கு எதிரி. தார் நிறமே தெரியும்படி கண்ணாடிபோல் உறைந்து, காண்பதற்கு வெறும் ஈரமாகத் தோன்றும் கரும்பனி இன்னோர் எதிரி. மனிற்றோபாவின் கார்பெரி அருகே 2023 ஜூன் 15இல் முதியவர்கள் சென்ற சிற்றுந்து டிரான்ஸ் கனடாவைக் குறுக்கே கடக்கையில் சரக்கு வண்டியில் மோதுண்டு 17 பேர் இறந்தது, பனி சிறிதும் இல்லாத கோடையில்.

கெனோராவுக்குச் சற்று முன்பு ஒன்ராறியோ வரவேற்கும் பலகை தெரிகிறது. சொந்த மாகாணம் வந்துவிட்டதென்ற நிம்மதிக்கு இடமில்லை: ரொறன்ரோ இன்னும் 1,800 கிலோமீற்றருக்கும் அப்பால், அதாவது முழுப் பயணத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மிச்சம். சாலையோ இங்கிருந்து பெரும்பாலும் இருவழியாக ஒடுங்கி, எதிரே வரும் வண்டியின் விளக்கு நேரே கண்ணில் அடிக்கிறது. சட்டப்படி ஒரு நாளில் 13 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாத சரக்கு ஓட்டுநர், ஓட்டிய நேரத்தை இயந்திரத்தோடு இணைந்து தானே பதியும் மின்கருவியைப் பார்த்துக்கொண்டே நிறுத்துமிடம் தேடவேண்டியிருக்கிறது. இரவில் மூஸ் மான் வேறு: குதிரையை விட உயரமான இவ்விலங்கின் கண்கள் முகப்பு விளக்கின் ஒளிக்கு மேலே இருப்பதால் பல வேளைகளில் மின்னிக் காட்டுவதில்லை, மோதினால் கால்கள் ஒடிந்து, பாரமான உடல் முன்கண்ணாடி மீது விழுகிறது.

இப்பகுதியின் நரம்பு நிபிகன் பாலம். 11ஆம் 17ஆம் நெடுஞ்சாலைகள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து நிபிகன் ஆற்றைக் கடக்கும் இவ்விடத்தில், கனடாவின் மேற்கும் கிழக்கும் ஒரே தரைச்சாலையால் இணைந்துள்ளன. உயர்ந்த கோபுரங்களிலிருந்து சாய்வாக இறங்கும் வடங்கள் தளத்தைத் தாங்கும் வகையில் அமைந்த புதிய பாலம் 2015 நவம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. 2016 ஜனவரி 10இல் கடுங்குளிரிலும் காற்றிலும், தளத்தின் ஒரு மூலையைப் பிடித்திருந்த மரையாணிகள் அறுந்து, அம்மூலை ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் மேலெழுந்தது. மறுநாள் ஒரு தடம் திறக்கும் வரை, கனடாவின் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குச் செல்ல வாகனங்களுக்கிருந்த வழி மீண்டும் அமெரிக்காதான். வாவா ஊரை ஒட்டிய சுப்பீரியர் ஏரிக்கரைப் பகுதிக்கு 1960 வரை சாலையே இருக்கவில்லை என்பதையும், அது இணைந்ததன் நினைவாகவே அவ்வூரார் பெரிய கனடிய வாத்துச் சிலையை நிறுத்தினர் என்பதையும் நினைத்தால், இந்த ஏரிக்கரை சாலையால் கோக்கப்பட்டு முக்கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை என்பது புலப்படும்.

சட்பெரியில் ரொறன்ரோ செல்வோர் டிரான்ஸ் கனடாவை விட்டுத் தெற்கே திரும்பி, 69ஆம், 400ஆம் நெடுஞ்சாலைகள் வழியே இறங்குகின்றனர். 400 முடியுமிடத்துக்கு அண்மையில் அது சந்திக்கும் 401இல், அச்சந்திப்பை ஒட்டி மட்டும் நாளொன்றுக்கு 4 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. அங்கிருந்து ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவுக்கு 25 கிலோமீற்றர்தான். மாலை நேரமானால் அதற்கே ஒரு மணிநேரம் பிடிக்கலாம். 'எக்ஸ்பிரஸ்' எனப்படும் நடுத் தடங்கள் இடைநில்லாமல் செல்வோருக்கு, 'கலெக்டர்' எனப்படும் ஓரத் தடங்கள் ஏறி இறங்குவோருக்கு என்று பிரிந்துள்ள இச்சாலையில், ஸ்காபரோவில் இறங்கும் வழிகள் கலெக்டர் தடத்திலிருந்தே பிரிவதால், நாடு முழுவதும் ஒரே தடத்தில் வந்த ஓட்டுநர் இங்கே சரியான நேரத்தில் வலப்புறம் மாறத் தவறினால் தன் வீட்டைக் கடந்து பிக்கரிங் பக்கம் போய்த் திரும்பிவர நேரும்.