குற்றாலச் சாரலில் ஒரு 'ஸ்டாப்பர்' சண்டை!

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசியில் காற்றின் குணமே மாறிவிடும். மேற்கே கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை, ஆரியங்காவுக் கணவாய் வழியாக இந்தப் பக்கமும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். வெயில் அடிக்கும்போதே பன்னீர் தெளித்ததுபோல முகத்தில் விழும் தூறல்தான் குற்றாலச் சாரல். அது தொடங்கிய சில நாள்களில் பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி, புலியருவி என எல்லா இடத்திலும் கூட்டம் நிரம்பிவிடும்.

அதே கணவாய் வழியாக இன்னொன்றும் வருகிறது. மஞ்சள் ஜெர்ஸி!

கேரள பதிவெண் கொண்ட வண்டிகளில் வந்து இறங்கும் இளைஞர்களில் சிலர் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் மஞ்சள் பனியனோடு வருவார்கள். இந்தப் பக்கம் சென்னையின் எஃப்சி அணியின் நீல பனியன் போட்டவர்களும் உண்டு. இரண்டு நிறமும் அருவிக்கரைக் கம்பியில் பக்கத்துப் பக்கத்தில் காய்ந்தால் போதும், பேச்சு தொடங்கிவிடும். தலை துவட்டும்போது ஆரம்பிக்கும் பேச்சு, எண்ணெய் தேய்க்கும் இடம், பழக்கடை, டீக்கடை என்று நகர்ந்து, பிரானூர் பார்டர் பரோட்டாக் கடையில் கோழிக்கறியோடு உச்சத்துக்குப் போகும்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. ஐ.எஸ்.எல். கால்பந்து பெரும்பாலான ஆண்டுகளில் செப்டம்பர், அக்டோபரில் தொடங்கி, கோடைக்குள் முடிந்துவிடும். குற்றாலம் சீசன் நடக்கும்போது கால்பந்துக்கு சீசன் இல்லை. நேற்றைய ஆட்டத்தைப் பற்றிப் பேச வழியில்லாததால், ரசிகர்களுக்குப் பழங்கணக்குதான் மிச்சம். கோல் அடித்தவர்களைப் பற்றிப் பெரிய சண்டை வராது. எத்தனை கோல் என்று போனில் பார்த்தால் முடிந்தது. பின்னால் நின்று தடுத்தவர்களில் யார் பெரியவர் என்பதற்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. அதனால்தான் அந்தச் சண்டை மட்டும் முடிவதே இல்லை. இளைஞர்கள் 'சென்ட்டர் பேக்' என்பார்கள். பெரியவர்களுக்கு அவர் எப்போதும் 'ஸ்டாப்பர்'தான்.

எந்த ஊர் நம்ம ஊர்?

தென்காசியிலிருந்து சென்னை சுமார் 600 கிலோமீட்டர். கொச்சி ஸ்டேடியத்துக்கு அதில் பாதி தூரம்கூட இல்லை. ஆட்டத்தை நேரில் பார்க்கவேண்டும் என்றால், இங்குள்ளவர்களுக்குச் சுலபமாக எட்டுவது எதிரணியின் மைதானம்தான்.

தென்காசியிலிருந்து எட்டு கிலோமீட்டரில் இருக்கும் செங்கோட்டையின் கதை இன்னும் சுவாரசியமானது. திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த அந்த ஊர், 1956 நவம்பர் 1 அன்றுதான் அப்போதைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. செங்கோட்டையில் வீடு, புனலூரில் சம்பந்தம் என்ற குடும்பங்கள் இங்கே அதிசயமில்லை. ஆகவே, 'நம்ம டீம் எது?' என்ற கேள்விக்கு ஒரே வீட்டில் இரண்டு பதில் வருவதும் அதிசயமில்லை.

நீலத்தின் பட்டியல்

சென்னை ரசிகர்கள் முதலில் எடுத்துவிடுவது 2014-ம் ஆண்டுப் பட்டியலை. மார்க்கோ மத்தராஸி, அலெஸாண்ட்ரோ நெஸ்தா, மிக்கேல் சில்வெஸ்டர். முதல் இருவரும் 2006 உலகக் கோப்பை வென்ற இத்தாலி அணியினர். அந்த இறுதிப் போட்டியில் ஜிடேன் தலையால் முட்டியது மத்தராஸியைத்தான். அதே ஆட்டத்தில் இத்தாலிக்காகக் கோல் அடித்தவரும் அவர்தான். சில்வெஸ்டர், மான்செஸ்டர் யுனைடெட் புகழ்.

"பேரு பெருசுதான். ஆனா எந்த வயசுல வந்தாங்க?" என்பது உடனே வரும் எதிர்க்கேள்வி. மத்தராஸிக்கு அப்போது 41, நெஸ்தாவுக்கு 38. அந்த ஆண்டு அரையிறுதியில் கொச்சியில் 0-3 எனத் தோற்று, சென்னையில் மூன்று கோலும் திருப்பிப் போட்டு, கூடுதல் நேரத்தில் ஒரு கோல் வாங்கி, மொத்தத்தில் 3-4 என வெளியேறியது சென்னை. மஞ்சள் பனியன்காரர்கள் அதை இன்றும் மறக்கவிடுவதில்லை.

அடுத்த பெயர் பிரான்ஸின் பெர்னார்டு மென்டி. முதல் மூன்று சீசனும் சென்னைக்கு ஆடியவர். 2015-ல் கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் போட்டு, 3-2 என்று கோப்பையைப் பறித்த அணியில் இருந்தவர். ஆனால், பெரும்பாலான நீல ரசிகர்கள் கடைசியில் வந்து நிற்கும் பெயர், பிரேசிலின் மெய்ல்சன் ஆல்வெஸ்.

2018 மார்ச் 17, பெங்களூரு. சொந்த மண்ணில் ஆடிய பெங்களூரு அணிக்கு சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டார். மெய்ல்சன் கார்னர் பந்தில் தலையால் ஒன்று, இடைவேளைக்குச் சற்று முன் மறுபடி கார்னரில் தலையால் இன்னொன்று. ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட, 3-2 என்று இரண்டாவது கோப்பை. தடுக்க வந்தவர் இரண்டு கோல் போட்டு ஆட்ட நாயகன் ஆன ராத்திரி அது.

"அதுக்கு அடுத்த வருஷம் என்னாச்சு அண்ணாச்சி?" என்று எதிர்த்தரப்பு மெதுவாகக் கேட்கும். 2018-19 சீசனில் சென்னை கடைசி இடம். மெய்ல்சன் அப்போதும் அணியில்தான் இருந்தார்.

இன்னும் சிலர் ருமேனியாவின் லூசியன் கோயனையும் பிரேசிலின் எலி சாபியாவையும் ஜோடியாகவே சொல்வார்கள். 2020 அரையிறுதியில் கோவாவை 4-1 என்று வென்றபோது, இந்த இரண்டு ஸ்டாப்பர்களும் ஆளுக்கொரு கோல் போட்டார்கள். இறுதிப் போட்டி, கொரோனா பயத்தில் ஆளே இல்லாத மைதானத்தில் நடந்தது. சென்னை 1-3 எனத் தோற்றது. யாரும் நேரில் பார்க்காத அந்தத் தோல்வி இன்னும் வலிக்கிறது என்பார்கள்.

மஞ்சளின் காயம்

கேரளத் தரப்பின் பட்டியலில் கோப்பை இல்லை. 2014, 2016, 2022 என்று மூன்று முறை இறுதிக்கு வந்து மூன்றிலும் தோல்வி. 2016-ல் வட அயர்லாந்துக்கு நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடிய ஆரோன் ஹியூஸும் பிரான்ஸின் செட்ரிக் ஹெங்பார்ட்டும் கட்டிய தடுப்பைத் தாண்டுவது கஷ்டமாக இருந்தது. கொச்சியில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் கேரளா முன்னிலை பெற்றபின், கொல்கத்தாவுக்குச் சமன் செய்த கோலைப் போட்டவரும் ஒரு ஸ்டாப்பர்தான். போர்ச்சுகலின் ஹென்ரிக் செரெனோ. பெனால்டியில் கொல்கத்தா வென்றது. அதே செரெனோ அடுத்த சீசனில் சென்னைக்குக் கேப்டனாக வந்து கோப்பை தூக்கினார். இந்த ஒரு தகவலைச் சொன்னால் பரோட்டா மேசையில் இரண்டு பக்கமும் சத்தம் கூடும்.

ஆனாலும் மஞ்சள் ரசிகர்களின் பேச்சு கடைசியில் போய் முட்டும் இடம் சந்தேஷ் ஜிங்கன். சண்டிகரில் பிறந்தவர். 2014-ல் கொச்சிக்கு வந்து முதல் ஆண்டே வளரும் வீரர் விருது வாங்கினார். ஆறு ஆண்டு இருந்தார், கேப்டனும் ஆனார். முழங்கால் காயத்தால் கடைசி சீசன் முழுதும் ஆட முடியவில்லை. 2020-ல் அவர் விலகியபோது, அவருடைய 21-ம் எண் ஜெர்ஸியை இனி யாருக்கும் தருவதில்லை என்று கிளப் அறிவித்தது.

2022 பிப்ரவரியில் அவர் வேறு அணிக்காக கேரளாவுக்கு எதிராக ஆடினார். ஆட்டம் டிரா. மைதானத்தை விட்டு வரும்போது, 'பெண்களோடு ஆடிவிட்டு வந்தோம்' என்ற பொருளில் அவர் சொன்னது கேமராவில் பதிவானது. தலையில் தூக்கி வைத்திருந்த ரசிகர்களே கொதித்துப் போனார்கள். ஜிங்கன் மன்னிப்புக் கேட்டார்.

சண்டை உண்மையில் சூடாவது இங்கேதான்.

"ஆறு வருஷம் ஒடம்பக் கொடுத்து நின்னத ஒரு வார்த்த அழிச்சிருமா?" என்று ஒரு பக்கம்.

"அந்த ஸ்டேடியத்துல தொண்ட கிழியக் கத்துன பொண்ணுங்க எத்தன பேரு? அவங்களுக்கும் சேத்துதானே அவரு நின்னாரு?" என்று இன்னொரு பக்கம். இந்தக் கேள்வி வந்தால் மேசை கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுப் பெண்களும் பேச்சில் சேர்ந்துகொள்வார்கள். இதற்குக் கோல் கணக்கோ கோப்பைக் கணக்கோ உதவாது.

பொங்குமாங்கடல் சொல்லும் பதில்

இந்த ஊர்ப் பெரியவர்களிடம் வேறொரு கணக்கு இருக்கிறது. அவர்களில் கால்பந்து தெரிந்தவர்கள் 1962-க்குப் போவார்கள். ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டி. தலையில் அடிபட்டுக் கட்டுப்போட்டிருந்த ஜர்னைல் சிங் என்ற ஸ்டாப்பரை முன்வரிசையில் ஆடவிட்டார்கள். தென்கொரியாவுக்கு எதிராக அவர் போட்ட கோலும் சேர்ந்துதான் 2-1 என்று இந்தியாவுக்குத் தங்கம் வந்தது. அவர் ஆடிய மோகன் பகான் கிளப்பிலேயே, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த ஒரே கிளப்புக்குத் தடுப்பாட்டம் ஆடிய சுப்ரதா பட்டாச்சார்யாவும் இருக்கிறார். ஒரு நாள் புகழா, பல ஆண்டு நிலைப்பா என்ற கேள்வி கொல்கத்தாவிலும் தீராதது என்பதற்கு இந்த இரண்டு பெயர்களே போதும்.

பேரருவியைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். மேலிருந்து வரும் தண்ணீர் நேராகத் தலையில் விழுவதில்லை. பாதி வழியில் பாறையில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அதன் பெயர் பொங்குமாங்கடல். வெள்ளத்தின் வேகம் முழுதையும் அது முதலில் வாங்கிக்கொள்கிறது. அதன்பின் பொங்கி வழிவதுதான் கீழே நிற்பவர்களின் தோளில் விழுகிறது.

"ஸ்டாப்பருன்னா அந்தப் பள்ளம் மாதிரிடே. அடிய அவன் வாங்குவான், குளிக்கது நாம" என்று ஒருவர் சொன்னால் மறுத்துப் பேச ஆள் இருக்காது.

இப்படிப் பார்த்தால் மெய்ல்சனா, ஜிங்கனா என்ற கேள்வியின் பொருளே மாறிவிடுகிறது. நீலம் கேட்பது, பின்னால் நிற்பவர் ஒரு நாளாவது முன்னால் வந்து ஜெயிக்கவைத்தாரா என்று. மஞ்சள் கேட்பது, தோற்றாலும் கூடவே நின்றாரா என்று. ஒருவருக்குக் கோப்பை கிடைத்தது, கூடவே கடைசி இடமும் கிடைத்தது. இன்னொருவருக்கு அன்பு கிடைத்தது, அது ஒரு வார்த்தையில் கசந்தும் போனது. முன்னால் ஓடுபவர் பத்து வாய்ப்பை விட்டு ஒன்றைப் போட்டாலும் தோளில் தூக்குகிறார்கள். பின்னால் நிற்பவர் பத்தைத் தடுத்து ஒன்றை விட்டால் அந்த ஒன்றைத்தான் பேசுகிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அருவிக்கரையில் உட்கார்ந்து, அவர் தடுத்த அந்தப் பத்தையும் ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொள்வதுதான் இந்தச் சண்டை.

போகிறவர்களுக்கு...

சென்னை எழும்பூரிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் தென்காசி. அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். கொல்லம் எக்ஸ்பிரஸில் போனால், செங்கோட்டை தாண்டி மலைக்குள் நுழைந்து பதின்மூன்று கண் பாலத்தையும் பார்த்துவிடலாம். அகலப்பாதைப் பணிக்காக 2010-ல் நின்றுபோன அந்த மலை ரயில் 2018-ல் மறுபடி முழுதாக ஓடத் தொடங்கியது. அருவிகளில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். அன்று காசி விஸ்வநாதர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரத்தைப் பாருங்கள். வாசலில் ஆளைத் தள்ளும் காற்று வீசும்.

பரோட்டாக் கடைக்குப் போனால் எந்த நிற ஜெர்ஸியும் போட்டுக்கொள்ளலாம். பக்கத்து மேசையிலிருந்து, "உங்க ஸ்டாப்பரு யாரு?" என்று கேள்வி வரும். பதிலை மட்டும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.