வாரத்தில் ஒருநாள் தந்தை

ஊர்விட்டு ஊர் சென்று உழைத்து, வாரக் கடைசியில் மட்டும் வீடு திரும்பும் தந்தையர் சேலம், நாமக்கல் பகுதிப் பங்குகளில் எத்தனையோ பேர். வடநாட்டுக்குச் சரக்கேற்றிப் புறப்படும் நாமக்கல் லாரி ஓட்டுநர் வீடு காண வாரங்கள் ஆகும். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியோடு செல்வோர் வெளிமாநிலங்களில் மாதக்கணக்கில் தங்குவர். அவர்களோடு ஒப்பிட்டால், ஒசூரில் வேலை பார்த்து வெள்ளி இரவுதோறும் சேலம் வந்து சேரும் நாம் கொடுத்து வைத்தவர்களே.

ஆயினும் நான்கு வயதுக் குழந்தையின் கணக்கு வேறு. ஐந்து நாள் காணாத முகம் அதற்குப் பாதி அந்நிய முகம். சனிக்கிழமை காலையில் நம் மகள் தாயின் சேலைக்குப் பின்னிருந்து எட்டிப் பார்ப்பாள். மாலையில் மடியேறுவாள். ஞாயிறு திருப்பலி முடிந்து வரும்போது தோளைவிட்டு இறங்கமாட்டாள். அன்றிரவே நாம் பையைத் தூக்குவோம். அடுத்த சனிக்கிழமை மீண்டும் சேலைத் தலைப்பிலிருந்து தொடங்கவேண்டும்.

ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அந்தச் சேலைத் தலைப்பும் இல்லாது போயிற்று. செவிலியரான இல்லத்தரசிக்கு அன்று பகல் பணி. பாட்டியும் ஊரில் இல்லை. மகளும் நாமுமாக ஒரு முழு நாளைக் கழிப்பது அதுவே முதல் தடவை. வீட்டில் இருந்தால் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று, ரயிலேறி நாமக்கல் சென்றுவர முடிவு செய்தோம். சேலம்–கரூர் பாதையில் 2013-இல் ரயில் ஓடத் தொடங்கும்வரை நாமக்கல் ஊருக்கு இருப்புப்பாதையே கிடையாது. நம் சிறு வயதில் பேருந்தை விட்டால் வேறு வழியில்லை. பை நிறைய இட்லி, பொடி, தண்ணீர், மாற்று உடை ஆகியவற்றோடு, "கேட்கும்வரை காத்திராமல் மணிக்கொருமுறை ஒன்றுக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்ற கட்டளையும் தாயிடமிருந்து கிடைத்தது.

ரயிலில் அவள் நம்மோடு பேசவில்லை. சன்னல் கம்பியில் முகம் பதித்து, வெளியே மேயும் ஆடுகளோடு பேசினாள். மல்லூர் கடந்தது. இராசிபுரத்துப் பக்கம் மரவள்ளித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு களம் முழுவதும் வெண்மையாய்க் காய்ந்துகொண்டிருந்தது. "அது என்ன வெள்ளையா?" என்று கேட்டாள், நம்மையல்ல, கம்பியை. "ஜவ்வரிசி" என்றோம். "பாயாசத்துல வருமே, அதுவா?" இப்போது திரும்பி நம் முகத்தைப் பார்த்தாள். கிழங்கைத் தோல் சீவி அரைப்பார்கள், பாலைத் தொட்டியில் தெளிய விடுவார்கள், அடியில் படிந்த மாவைக் குலுக்கிக் குலுக்கி மணியாக்கி, வறுத்து வெயிலில் காயவைப்பார்கள் என்று கையாலேயே குலுக்கிக் காட்டினோம். அவளும் குலுக்கினாள். நாமக்கல் வரும்வரை இருவரும் ஜவ்வரிசி செய்துகொண்டிருந்தோம்.

இறங்கி ஊருக்குள் வந்ததும் தாயின் கட்டளை நினைவுக்கு வந்தது. பொதுக் கழிப்பிடம் ஒன்றைக் கண்டுபிடித்து அதன் வாசலில் திகைத்து நின்றோம். ஆண்கள் பகுதி பெண் குழந்தையை அழைத்துச் செல்லும் நிலையில் இல்லை. பெண்கள் பகுதியில் நாம் நுழையலாகாது. பெண் குழந்தையோடு தந்தை தனியே வெளியே வருவான் என்பது நம் ஊர்களைக் கட்டியவர்களின் நினைவுக்கு எட்டவில்லை போலும்! பிள்ளையின் கால்கள் பின்னத் தொடங்கின. அருகே பூ கட்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எழுந்துவந்து, "பாப்பாவ எங்கிட்ட விடுங்க தம்பி, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு நம்மைப் பார்த்தாள். "அப்பா, இங்கயே நில்லுங்க. போயிடாதீங்க" என்றாள்.

நின்றோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது; நான்கடி தள்ளி வேப்பமர நிழல் இருந்தது. அதற்கும் போகவில்லை. சற்று நேரத்தில் வாசலில் அவள் தலை தெரிந்தது. முதலில் நாம் நிற்கும் இடத்தைத்தான் பார்த்தாள். அதன்பின்தான் செருப்பை மாட்டினாள். மூதாட்டி காசு வாங்க மறுத்துவிட்டார். இரண்டு முழம் கதம்பம் வாங்கினோம்.

கமலாலயக் குளத்தைச் சுற்றிக்கொண்டு மலைக்கு வந்தோம். கூரையின்றி வானம் பார்த்து நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரை வெளியிலிருந்தே அண்ணாந்து பார்த்து, "மழ வந்தா நனைஞ்சிருவாரே?" என்று கவலைப்பட்டாள். ஊர் நடுவே ஒற்றைப் பாறையாய் 200 அடிக்குமேல் எழும் இம்மலையின் இடுப்பில் எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைகள், உச்சியில் கோட்டை. 1768-இல் ஆங்கிலேயர் கைப்பற்ற, ஹைதர் அலி மீட்ட வரலாற்றை எளிமையாக்கிச் சொல்ல ஆயத்தமாகத்தான் வந்திருந்தோம். பாறையில் வெட்டிய படிகளில் ஏறும்போதே அது மூச்சோடு போயிற்று. தூக்கிக்கொள்ளட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று தலையசைத்து, நம் சுண்டுவிரலை மட்டும் பற்றிக்கொண்டாள். உச்சியில் ஆடிக்காற்று ஆளைத் தள்ளியது. கீழே லாரிகள் தீப்பெட்டிகளாய் ஊர்ந்தன. இருபதுவரை எண்ணினாள், அதற்குமேல் எண் தெரியாமையால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

இறங்கி வந்து உண்டபின், மரத்தடியில் நம் மடியில் ஒன்றரை மணி நேரம் உறங்கினாள். மோகனூர் சென்று காவிரி காட்டும் திட்டம் அத்தோடு முடிந்தது. கால் மரத்துப் போனதைப் பொருட்படுத்தாமல் அமர்ந்திருந்தோம்.

திரும்பும் வழியில் தட்டுத் தட்டாய் முட்டை அடுக்கிய வண்டி ஒன்று கடந்தது. பள்ளிச் சத்துணவில் 1989 முதல் முட்டை சேர்ந்ததும், இந்த ஊர்ப் பண்ணைகள் பெருகியதும் பெரியவர்களுக்கான செய்தி. அவள் கேட்டது, ஒன்றாவது உடையாதா என்பதே. லாரிக்குக் கூடு கட்டும் பட்டறை ஒன்றின்முன் நின்றாள். புதிய வண்டியின் நெற்றியில் ஓவியர் ஒருவர் இரண்டு பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். யார் பெயர் என்றாள்.

"வண்டிக்காரருடைய பிள்ளைகள் பெயர்."

"எதுக்கு எழுதுறாங்க?"

"அந்த அப்பா ரொம்ப தூரம் போவார் அல்லவா? கூடவே பிள்ளைகளும் வருகிற மாதிரி இருக்கும்."

சிறிது யோசித்தாள். "நீங்க போற வண்டில என் பேரு இருக்கா?"

நாம் செல்வது அரசுப் பேருந்தில். அதன் நெற்றியில் ஒசூர் என்றுதான் இருக்கும். இல்லை என்றோம். பட்டறையைவிட்டு நகர்ந்தபின்னும் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மாலையில் பணி முடிந்து வந்த தாயை மருத்துவமனை வாசலில் சந்தித்தோம். என்னென்ன பார்த்தாய் என்ற கேள்விக்கு மூச்சுவிடாமல் பதில் வந்தது: பாயாச ஜவ்வரிசி நிறையக் காய்ந்தது, பெரிய சாமிக்கு மேலே வீடே இல்லை, லாரி இருபது, அப்பா சொன்ன இடத்திலேயே நின்றார்கள், பூப்பாட்டி, முட்டை உடையவே இல்லை. "அப்பா எங்கே நின்றார்?" என்று தாய் கேட்டாள். அதற்குள் சேலம் நகரப் பேருந்து வந்துவிட்டது. தாய் கை நீட்டினாள். மகளோ நம் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கதம்பத்தைத் தாயின் தலையில் வைக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தாள்.